ஒரு லட்ச ரூபா இருக்கு, ஆளுங்க உடம்புக்கு எதுல போடலாம்? ஒரு பனியன் கம்பெனி கணக்கு

திருப்பூர்ல 60 பேர் வேலை செய்ற ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டை, அதாவது பெரிய கம்பெனி ஆர்டரை கூலிக்குத் தைச்சுக் குடுக்கற இடத்தை, எடுத்துக்குவோம். ரெண்டு தையல் லைன், ஒரு கட்டிங் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங், மேல ஷீட்டு கூரை. ஓனர் கொஞ்சம் நல்ல மனசுக்காரர், "ஆளுங்க உடம்பு சரியில்லாம லீவு போட்டுட்டே இருக்காங்க, இந்த வருஷம் ஹெல்த்துக்குன்னு ஒரு லட்சம் ஒதுக்கிக்கலாம், எதுல போடலாம்னு பாருங்க"ன்னு சொல்லிட்டார். உடனே பக்கத்துல இருக்கறவங்க சொல்ற மொத யோசனை கேம்ப், ரெண்டாவது யோசனை இன்சூரன்ஸ், மூணாவது அட்டென்டன்ஸ் போனஸ். இந்த மூணுமே எனக்கு அவ்வளவா ஒத்து வரல, ஏன்னு சொல்றேன், அதுக்கு பதிலா என்ன பண்ணலாம்னும் சொல்றேன். ஷிப்டுக்கு சராசரியா 600 ரூபான்னு ஒரு கணக்குக்கு வெச்சுக்குங்க, உங்க கம்பெனி ரேட்டு வேறயா இருந்தா அதுக்கு தகுந்த மாதிரி மாத்திக்கலாம்.

மொதல்ல காசு எங்க போகுதுன்னு பார்க்கணும். லீவு போட்ட ஆளு ரிஜிஸ்டர்ல தெரியும், அதனால எல்லாருக்கும் அதுதான் கண்ணுல படுது. ஆனா தலைவலியோட, முதுகு வலியோட, சளி காய்ச்சலோட வந்து மெஷின்ல உக்கார்ந்திருக்கறவங்க எந்த ரிஜிஸ்டர்லயும் வர மாட்டாங்க, அவங்களுக்கு ஃபுல் ஷிப்டு சம்பளம் விழுகுது, பீஸ் மட்டும் விழுகாது. டீ ஷர்ட் லைனை எடுத்துக்குங்க, ஷோல்டர் ஜாயின்ட், கழுத்து ரிப், டேப், கை வெக்கிறது, சைடு, பாட்டம்னு வரிசையா போகுது. இதுல கழுத்து ரிப் வெக்கிற ஒரு அக்காவுக்கு மத்தியானத்துக்கு மேல தலை சுத்துதுன்னா அவங்க முன்னாடி கட்டு கட்டா பீஸ் நிக்கும், பின்னாடி இருக்கற அஞ்சு பேரு கத்திரிக்கோலை வெச்சுக்கிட்டு நூல் வெட்டற மாதிரி உக்கார்ந்திருப்பாங்க. சூப்பர்வைசர் வந்து "என்னக்கா, பீஸ் நிக்குதுல்ல"ன்னு கத்துவாரே தவிர ஏன் நிக்குதுன்னு கேக்க மாட்டார், அவருக்கும் மேல இருந்து ஷிப்மென்ட் பிரஷர். அந்த அக்கா லீவு போட்டிருந்தா காலையிலயே அந்த இடத்துல வேற ஆளை உக்கார வெச்சிருப்பாங்க, வந்துட்டதால யாரையும் வெக்கல. அதனால லீவைக் குறைக்கறதை மட்டும் பார்த்து செலவு பண்ணினா பாதி விஷயம் கையில சிக்காமலே போயிடும்.

சரி, கேம்ப். ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்காரங்க வேன்ல வருவாங்க, உயரம், எடை, பிபி, சுகர் பார்த்து ஒரு கார்டுல எழுதிக் குடுத்துட்டு போவாங்க, பேனர் கட்டி போட்டோ எடுப்பாங்க, ஆர்டர் குடுக்கற பையரோட ஆடிட்டுக்கு ஃபைல்ல வெக்க நல்லா இருக்கும். ஃப்ரீன்னு சொல்லுவாங்க, ஆனா 60 பேருக்கு அரை ஷிப்டு நின்னாலே 18,000 ரூபா சம்பளம் போயிடுச்சு, பீஸ் போனது தனி. அதுகூட பரவாயில்லைன்னு சொல்லலாம், பிரச்சனை அடுத்த நாள்தான். "சுகர் 240 இருக்கு, டாக்டரைப் பாருங்க"ன்னு எழுதின கார்டை வெச்சுக்கிட்டு அந்த ஆளு என்ன பண்ணுவார்? டாக்டரைப் பார்க்க ஒரு ஷிப்டு போகணும், ஷிப்டு போனா சனிக்கிழமை சம்பளத்துல 600 குறையும், கார்டு டிபன் பேக்குக்குள்ளயே மடிஞ்சு கிடக்கும். அமெரிக்காவுல பிஜேஸ்னு ஒரு பெரிய ஹோல்சேல் கடை, 160 கிளை, கிட்டத்தட்ட 33,000 பேர் வேலை செய்றாங்க, அங்க சில கிளைகள்ல மட்டும் உடற்பயிற்சி, சாப்பாடு, மன அழுத்தம்னு ஒரு முழு வெல்னஸ் ப்ரோக்ராம் நடத்தி, நடத்தாத கிளைகளோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. 2019ல ரிசல்ட் வந்துச்சு. ஒன்றரை வருஷம் கழிச்சு "நான் எக்சர்சைஸ் பண்றேன்"னு சொல்றவங்க எண்ணிக்கை கூடியிருந்துச்சு, ஆனா பிபி, கொலஸ்ட்ரால், லீவு, வேலைத் திறன், மருத்துவச் செலவு எதுலயும் வித்தியாசம் தெரியல. அவ்வளவு காசு போட்ட இடத்துலயே அப்படின்னா, வருஷத்துக்கு ஒருநாள் வர்ற வேன்ல என்ன ஆகும்னு எதிர்பார்க்கறது? கேம்ப் வேணாம்னு சொல்லல, கேம்புக்கு அப்புறம் என்னன்னு ஒரு ப்ளான் இல்லாத கேம்ப் வேணாம்னு சொல்றேன். சுகர், பிபிக்கு மட்டும்னா மக்களைத் தேடி மருத்துவம் 2021லேர்ந்து நடக்குது, மாத்திரை வீட்டுக்கே வருது, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்ப் பேசினாலே பாதி வேலை முடியும், ஒரு லட்சத்துல அதுக்கு கை வெக்க வேண்டியதில்ல.

அடுத்து குரூப் இன்சூரன்ஸ். ஏஜென்ட் வந்து ரொம்ப அழகா பேசுவார், ஆனா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஷிப்டு 600, மாசம் 26 ஷிப்டுன்னா 15,600. ஈஎஸ்ஐக்கு (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கம்பெனி பங்கு 3.25 சதவீதம், ஆளு பங்கு 0.75, மொத்தம் 4 சதவீதம், ஒரு ஆளுக்கு மாசம் 624 ரூபா. 60 பேருக்கு வருஷத்துக்கு நாலரை லட்சம் ரூபா கிட்ட ஏற்கனவே கட்டிட்டு இருக்கீங்க! 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கற எல்லாருக்கும் இது உண்டு, குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. நாலரை லட்சம் கட்டற ஒரு விஷயத்தை யாரும் யூஸ் பண்ணாம, அதுக்கு மேல இன்னொரு பாலிசி வாங்கறது எனக்குப் புரியவே இல்ல. ஏன் யூஸ் பண்றதில்லன்னு கேட்டீங்கன்னா, டிஸ்பென்சரியில க்யூ, அரை நாள் போகுது, சில பேருக்கு கார்டுல பேர் தப்பு, குடும்பத்தை சேர்க்கல, முக்கியமா கம்பெனி மாறும்போதெல்லாம் பழைய நம்பரை சொல்லாம புது நம்பர் போட்டுடறாங்க. ஆறு மாச காலத்துல 78 நாள் பங்கு கட்டியிருந்தாத்தான் சிக் பெனிஃபிட் கிடைக்கும், திருப்பூர்ல மூணு மாசத்துக்கு ஒரு கம்பெனி மாறுற ஆளுக்கு நாள் எல்லாம் ரெண்டு மூணு நம்பர்ல பிரிஞ்சு கிடக்கும், எதுலயும் 78 வராமப் போயிடலாம். ஒரு ஆபீஸ் ஆளை ஒரு வாரம் இதுக்குன்னே உக்கார வெச்சு எல்லாரோட நம்பரையும் ஆதாரோட சேர்த்து சரி பண்ணினா, ஒரு பாலிசிக்கு மேல பிரயோஜனம். பாலிசி வேணும்னா 21,000க்கு மேல வாங்கற கட்டிங் மாஸ்டர், ப்ரொடக்ஷன் மேனேஜர் மாதிரி நாலஞ்சு பேருக்கு மட்டும் எடுங்க, அவங்கதான் ஈஎஸ்ஐக்கு வெளியில நிக்கறாங்க.

அட்டென்டன்ஸ் போனஸ் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். மாசம் ஒரு நாள்கூட லீவு போடாம வந்தா 500, 1000 தர்றது. லீவு குறையும், சந்தேகமே இல்ல. ஆனா ஐப்பசி கார்த்திகையில காய்ச்சல் சீசன்ல 101 டிகிரியோட பாராசிட்டமால் போட்டுக்கிட்டு வந்து உக்காருவாங்க, ஒரு வாரத்துல லைன் முழுக்க இருமல். மெட்ராஸ் ஐ வந்தப்ப கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு பவர் டேபிள் மெஷின்ல தைச்சவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்த மாசத்து ஆல்டர் பீஸ் (தப்பாகி திருப்பி சரி பண்ண வந்த பீஸ்) கணக்கை எடுத்துப் பாருங்க, போனஸ் எவ்வளவு மிச்சப்படுத்திச்சுன்னு தெரியும்.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு வழி இருக்கு, அதை யாரும் யோசிக்கறதே இல்ல. ஈஎஸ்ஐ சிக் பெனிஃபிட்ல தினச் சம்பளத்துல 70 சதவீதம் தர்றாங்க, வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். ஆனா மொத ரெண்டு நாள் கிடையாது. சாதாரண காய்ச்சல்னா ரெண்டு மூணு நாள்தான், அப்ப கையில வர்றது ஒண்ணுமில்ல, அதனாலதான் யாரும் போறதில்ல, காய்ச்சலோட வேலைக்கு வர்றாங்க. அந்த மொத ரெண்டு நாளை கம்பெனி குடுத்தா என்ன ஆகும்? 60 பேரும் வருஷத்துல ஒரு தடவை ரெண்டு நாள் எடுத்தாலும் 72,000. எல்லாரும் எடுக்க மாட்டாங்க. ஏமாத்துவாங்கன்னு சொல்வீங்க, சில பேர் ஏமாத்துவாங்கதான், சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு காய்ச்சல் வரும், அதுக்கு ஈஎஸ்ஐ டிஸ்பென்சரி சீட்டு கேட்டா போதும். சீட்டு வாங்கப் போனாலே டாக்டரைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, மூணாவது நாள்லேர்ந்து பெனிஃபிட்டும் ஓட ஆரம்பிச்சுடும். இந்த லிஸ்ட்ல ஒட்டுவார் ஒட்டி நோய்க்கு உருப்படியா வேலை செய்ற ஒரே ஐட்டம் இதுதான்னு நினைக்கிறேன். ஒரே ரூம்ல எட்டு பேர் தங்கற ஒடிசா, பீகார் பசங்க நிறைய இருக்கற யூனிட்னா இன்னும் அதிகமா வேலை செய்யும்.

இப்ப எனக்குப் புடிச்ச ஐட்டத்துக்கு வரேன், மூக்குக் கண்ணாடி. சிரிக்காதீங்க. நாப்பது வயசு தாண்டினா வெள்ளெழுத்து எல்லாருக்கும் வரும், இது நோய்கூட இல்ல, வயசு. ஒரு ஓவர்லாக் மெஷின் பக்கத்துல பத்து நிமிஷம் நின்னு பாருங்க. 45 வயசு அக்கா ஒருத்தர், நூல் அறுந்துடுச்சு, லூப்பர்ல (அடித் தையல் போடற கொக்கி) நூல் கோக்கணும், மூடியைத் திறந்து தலையை ஒரு பக்கமா சாய்ச்சு, ஒரு கண்ணை மூடி, பின்னாடி தள்ளி உக்கார்ந்து, எச்சில் தொட்டு நூல் முனையை முறுக்கி ரெண்டு மூணு தடவை குத்திப் பார்ப்பாங்க, கடைசியில பக்கத்து மெஷின் சின்னப் பொண்ணைக் கூப்பிடுவாங்க, அந்தப் பொண்ணு தன் மெஷினை நிறுத்திட்டு வந்து கோத்துக் குடுக்கும். ரெண்டு மெஷின் நின்னுச்சு. கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓடற நாள்ல இது எத்தனை தடவைன்னு எண்ணிப் பாருங்க. சாயங்காலம் அந்த அக்காவுக்குத் தலைவலி, மெடிக்கல்ல ஒரு மாத்திரை, "பிரஷரா இருக்கும்"னு அவங்களே சொல்லிக்குவாங்க.

இது என் ஊகம் மட்டும் இல்ல. அஸ்ஸாம்ல தேயிலைத் தோட்டத்துல 40 வயசுக்கு மேல இருக்கற 751 பேரை வெச்சு ஒரு ஆய்வு, 2018ல லான்செட் குளோபல் ஹெல்த்ல வந்துச்சு. பாதிப் பேருக்கு மொதல்லயே கண்ணாடி, மீதிப் பேருக்கு ஆய்வு முடிஞ்சப்புறம். கண்ணாடி வாங்கினவங்க ஒரு நாளைக்குப் பறிச்ச இலை 25 கிலோலேர்ந்து 34.8 கிலோ ஆச்சு, வாங்காதவங்க 26லேர்ந்து 30.6. ரெண்டு பக்கமும் ஏறியிருக்கு, அந்த வித்தியாசத்தைக் கழிச்சுப் பார்த்தா கண்ணாடியால மட்டும் 21.7 சதவீதம். 50 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு 31 சதவீதத்துக்கும் மேல. பங்களாதேஷ்லயும் கிராமங்கள்ல இதே மாதிரி பண்ணி 2024ல வெளியிட்டாங்க, அதுல தையல்காரங்க, கைவேலை செய்றவங்க எல்லாம் உண்டு, எட்டு மாசத்துல கண்ணாடி வாங்கினவங்க வருமானம் மத்தவங்களை விட மூணுல ஒரு பங்கு கூடியிருந்துச்சு. ஒரு மாத்திரை, ஒரு மெஷின், ஒரு ட்ரெய்னிங் இந்த அளவுக்கு தந்ததா எனக்குத் தெரியல.

ஆனா அப்படியே 21 சதவீதம் நமக்கும் வரும்னு நினைச்சுடாதீங்க. தேயிலை பறிக்கறது தனி ஆளு வேலை, அவங்க பறிச்சா அவங்க கூடை நிறையும். லைன்ல அப்படி இல்ல, பாட்டம் அடிக்கிற அக்கா வேகமானாலும் கழுத்து ரிப் மெதுவா வந்தா மொத்த லைனும் கழுத்து ரிப் வேகத்துலதான் போகும். அதனால யாருக்கு மொதல்ல குடுக்கறோம்ங்கறது முக்கியம்: பீஸ் தேங்கற இடத்துல இருக்கறவங்க, அப்புறம் செக்கிங். செக்கிங்ல பெரும்பாலும் வயசான அம்மாக்கள்தான் இருப்பாங்க, தையல் தெரியாதவங்களுக்கு அங்கதான் இடம். பையரோட க்வாலிட்டி செக்கர் வந்து ஏக்யூஎல் 2.5ல (சாம்பிள்ல எவ்வளவு குறை வரைக்கும் விடலாம்ங்கற அளவு) சாம்பிள் எடுத்து ஃபெயில் பண்ணினா மொத்த லாட்டையும் திருப்பி பிரிச்சு செக் பண்ணணும், ரெண்டு நாள் ஓவர்டைம், சில சமயம் கப்பலை விட்டுட்டு ஏர்ல அனுப்பற கதை. அந்த அம்மா கண்ணுல தப்பின ஆயில் கறையும் விட்டுப்போன தையலும்தான் அங்க வந்து நிக்குது. செலவு? 60 பேர்ல 20 பேர் நாப்பது தாண்டினவங்கன்னு வெச்சுக்குங்க, ஆளுக்கு 300 போட்டாலும் 6,000 ரூபா. ஒரு கண் டெஸ்ட் பண்றவரை ஒரு மத்தியானம் கூப்பிட்டு பார்க்க வெச்சு குடுங்க, ரோட்டோரம் விக்கிற ரெடிமேட் கண்ணாடியை மொத்தமா வாங்கி நீட்டாதீங்க, சுகர் இருக்கறவங்களுக்கு கண்ணுக்குள்ள வேற பிரச்சனை இருக்கலாம், அதை அவர் கண்டுபுடிச்சா ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். குடுத்தா போடுவாங்களாங்கறது அடுத்த கேள்வி. "கெழவி ஆயிட்டியா"ன்னு கிண்டல் பண்ணுவாங்கன்னு சில பேர் போட மாட்டாங்க, அதுக்கு ஒரு வழி, சூப்பர்வைசரே மொதல்ல போட்டுக்கிட்டு ஃப்ளோர்ல நடக்கட்டும், அவருக்கும் நாப்பது தாண்டியிருக்கும்.

ரத்தசோகை இதைவிடப் பெரிய பிரச்சனை, ஆனா தீர்வு கஷ்டம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்கற பொம்பளைங்கள்ல 53 சதவீதத்துக்கு மேல ரத்தசோகை. உங்க லைன்ல 40 பொம்பளைங்க இருந்தா 20 பேருக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ இருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டு வெச்சுக்கலாம். காலையில டீயும் பன்னும், மத்தியானம் எலுமிச்சை சாதம், சாயங்காலம் டீயும் போண்டாவும், நைட்டு ஓவர்டைமோட ஒன்றரை ஷிப்டு முடிச்சுட்டு போய் மிச்சம் இருக்கற சோறு. சாப்பிட்ட கையோட டீ குடிச்சா சோத்துல இருக்கற கொஞ்சநஞ்ச இரும்பும் உடம்புல சரியா சேராது, நம்ம ஊர்ல டீ டைமை யாரால மாத்த முடியும்!

ரத்தசோகையால உற்பத்தி எவ்வளவு குறையுதுன்னு பார்த்தா ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லல, அங்கதான் விஷயமே இருக்கு. இந்தோனேசியாவுல 1970கள்ல ரப்பர் பால் எடுக்கறவங்களுக்கு 60 நாள் இரும்பு மாத்திரை குடுத்தாங்க, ரத்தசோகை இருந்தவங்க எடுக்கற பால் நல்லாவே கூடிச்சு. இலங்கையில மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பொம்பளைங்ககிட்டயும் அதே காலத்துல பண்ணினாங்க, கொழுந்து கொஞ்சம் கூடிச்சு, நடமாட்டம் நல்லா கூடிச்சு. ஆனா சீனாவுல பருத்தி மில்லுல வேலை செஞ்ச பொம்பளைங்களுக்கு 12 வாரம் குடுத்தப்ப, மெஷின் வேகத்துல ஓடற வேலைங்கறதால துணி அளவு பெருசா மாறல, அதே வேலையை செய்ய உடம்பு படற பாடு குறைஞ்சுது, வேலை நேரத்துல இதயத் துடிப்பு குறைஞ்சுது. ரப்பர் தோட்டத்துல மரம் மரமா நடந்து பால் எடுக்கறது உடம்பு வேலை, தையல் அதுக்கும் மில்லுக்கும் நடுவுல. அதனால மாத்திரை குடுத்த அடுத்த மாசம் பீஸ் எண்ணிக்கை குதிக்கும்னு எதிர்பார்த்தா ஏமாந்து போவீங்க. எங்க தெரியும்னா, ஒன்றரை ஷிப்டோட கடைசி ரெண்டு மணி நேரத்துல தெரியும், மயங்கி விழறது குறையறதுல தெரியும், வீட்டுக்குப் போய் சமைக்க அவங்களுக்கு மிச்சம் இருக்கற தெம்புல தெரியும். கடைசியா சொன்னது ஓனர் கணக்குல வராது, ஆனாலும் பண்ணலாம், ஏன்னா மாத்திரை அரசாங்கத்துலயே ஃப்ரீ.

செலவு மாத்திரையில இல்ல, தொடர்ந்து சாப்பிட வெக்கறதுல இருக்கு. ரெண்டாவது வாரம் மலம் கறுப்பா போகும், வயிறு கட்டும், குமட்டும், "சூடு ஒத்துக்கல"ன்னு நிறுத்திடுவாங்க. இது சகஜம்தான்னு முன்னாடியே சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். லைன்லயே எல்லாரும் மதிக்கற ஒரு அக்காவைப் புடிச்சு, அவங்களுக்கு மாசம் ஒரு ஐநூறு குடுத்து, மத்தியான சாப்பாட்டுக்கு கொஞ்ச நேரம் முன்னாடியோ, சாப்பிட்டு நல்ல இடைவெளி விட்டோ மாத்திரை எடுத்துக்க வெச்சா நடக்கும். டோஸ் எவ்வளவுன்னு டாக்டர் சொல்லட்டும், ஹீமோகுளோபின் 8க்குக் கீழ இருந்தா மாத்திரையோட நிக்காம நேரா ஆஸ்பத்திரி. இந்த விஷயத்துல ஒரு எச்சரிக்கையும் இருக்கு. 2019ல தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் தமிழ்நாட்டு கார்மென்ட்ஸ்ல மாதவிடாய் வலிக்கு பேரில்லாத மாத்திரை குடுக்கறாங்கன்னு கிட்டத்தட்ட நூறு பொம்பளைங்ககிட்ட விசாரிச்சு எழுதினாங்க, பெரிய பிரச்சனை ஆச்சு. அதனால எந்த மாத்திரையா இருந்தாலும் அட்டையோட, பேரோட, டாக்டர் சீட்டோட, வேணாம்னு சொல்றவங்களை விட்டுடணும்.

வெயில். ஷீட்டுக்கு அடியில பங்குனி, சித்திரையில மத்தியானம் ரெண்டு மணிக்கு நின்னவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல, அயர்னிங் செக்ஷன் ஸ்டீம் வேற சேர்ந்துக்கும். இந்தியாவுல நெசவு, கார்மென்ட்ஸ், ஸ்டீல்னு பல ஃபேக்டரி கணக்கை எடுத்து 2021ல ஒரு ஆய்வு வந்துச்சு, வருஷ சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடினா ஃபேக்டரி உற்பத்தி ரெண்டு சதவீதம் கிட்ட குறையுதுன்னு. அதுல எனக்கு முக்கியமா பட்டது இன்னொண்ணு: ஃபேக்டரிக்குள்ள குளிர வெச்சா வேலை வேகம் குறையறது நிக்குது, ஆனா லீவு குறையல. வீடும் ஷீட்டு வீடுதானே, நைட்டு தூங்காம அங்கயே களைச்சுப் போய்டறாங்க. பெங்களூர் பக்கம் கார்மென்ட்ஸ் கம்பெனிகள்ல கரண்ட் மிச்சத்துக்காக ட்யூப்லைட்டை எடுத்துட்டு எல்ஈடி போட்டாங்க, மெஷின் தலைக்கு மேல இருந்த சூடு குறைஞ்சு, வெயில் நாள்ல லைன் வேகம் குறையறது பெருமளவு நின்னுச்சுன்னு ஒரு ஆய்வு சொல்லுது. இதுல கரண்ட் பில்லும் மிச்சம், வெளிச்சமும் நல்லா இருக்கும், கண்ணாடிக்கும் துணை. அதனால லட்சத்துல பெரிய பங்கை இங்கதான் போடுவேன்: கூரைக்கு வெள்ளை அடிக்கறது, ரெண்டு எக்ஸாஸ்ட் ஃபேன், இன்னும் ட்யூப்லைட் இருந்தா எல்ஈடி. கூலிங் பேட் போட்டு ஃப்ளோர் முழுக்க குளிர வெக்கறது இந்த பட்ஜெட்டுல வராது, வாடகை பில்டிங்னா கட்டிட ஓனர் வேற ஒத்துக்கணும்.

தண்ணியும் டாய்லெட்டும் வெயிலோட ஒட்டின விஷயம். பொம்பளைங்க தண்ணி குடிக்காம இருக்கறது தாகம் இல்லாததால இல்ல, டாய்லெட் போக வேண்டி வரும்ங்கறதால. அழுக்கு, தாப்பாள் இல்ல, எந்திரிச்சுப் போனா சூப்பர்வைசர் முறைப்பு. அப்புறம் நீர்க்கடுப்பு, அடிவயிறு வலி, காய்ச்சல், ரெண்டு நாள் லீவு. சுகர் இருக்கற ஆளு அடிக்கடி எந்திரிச்சுப் போனா "வேலைக்கு டிமிக்கி"ன்னு பேரு. தாப்பாள், பக்கெட், லைட், தினம் ரெண்டு தடவை கழுவ ஒரு ஆளு, நாப்கின் போட மூடி வெச்ச டப்பா, இதுக்கு என்ன பெரிய காசு? 10,000 ஒதுக்கினா தாராளம், கழுவற ஆளு சம்பளத்தை மட்டும் ஹெல்த்து கணக்குல காட்டாம ஹவுஸ் கீப்பிங்ல காட்டிக்குங்க.

முதுகு வலிக்கு ஸ்டூலை மாத்தி சாய்மானம் உள்ள சேர் போடறதை நிறைய பேர் சொல்றாங்க, நானும் நல்லதுன்னுதான் சொல்வேன், ஆனா 40 மெஷினுக்கு ஒரே வருஷத்துல இந்தக் காசுல முடியாது. மட்டமான சேர் வாங்கினா உயரம் சரியா வராம தோள்பட்டை வலிதான் மிச்சம். இருக்கற ஸ்டூலுக்கு உயரம் சரி பண்ணி, நின்னுக்கிட்டே செக் பண்றவங்களுக்கு காலுக்கு அடியில ரப்பர் மேட் போட்டாலே இந்த வருஷத்துக்கு சரி.

தூக்கம்னு ஒண்ணு இருக்கு, பைசா செலவில்லாத ஐட்டம். சென்னையில 452 பேரை டேட்டா என்ட்ரி வேலையில வெச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க, 2021ல வந்துச்சு. எட்டு மணி நேரம் படுக்கையில இருந்தாலும் தூங்கறது அஞ்சரை மணி நேரம்தான், கொசு, புழுக்கம், சத்தம். நைட்டு தூக்கத்தை 27 நிமிஷம் கூட்டிப் பார்த்தாங்க, வேலையில ஒரு மாத்தமும் இல்ல. ஆனா வேலை இடத்துலயே மத்தியானம் அரை மணி தூங்க விட்டப்ப, கவனமும் வேலை வேகமும் கூடிச்சு. அதுக்காக ஷிப்டுல அரை மணியை வெட்டினா மொத்த வருமானம் குறையும்னும் அதே ஆய்வு சொல்லுது, அதனால தனியா நேரம் ஒதுக்க வேணாம். சாப்பாட்டு நேரத்துல ரேடியோவை நிறுத்திட்டு, பேக்கிங் பக்கம் லைட்டை அணைச்சு, அட்டைப்பெட்டியை விரிச்சு படுக்கறவங்களை விரட்டாம விட்டாலே போதும். இதுக்கு சூப்பர்வைசரோட ஈகோதான் செலவு.

ஆக ஒரு லட்சத்தை நான் பிரிச்சா: கண்ணாடிக்கு டெஸ்டோட சேர்த்து 8,000, கூரை, எக்ஸாஸ்ட், லைட்டுக்கு 45,000, அந்த மொத ரெண்டு நாள் காய்ச்சல் சம்பளத்துக்கு 30,000, டாய்லெட் தண்ணிக்கு 10,000, மாத்திரையை கவனிக்கற அக்காவுக்கு வருஷத்துக்கு 6,000, மீதி ஆயிரம் ரூபா ஆபீஸ் ஆளு ஈஎஸ்ஐ ஆபீஸுக்கு அலையற பஸ், டீ செலவுக்கு. உங்க யூனிட்ல எல்லாரும் இருபது வயசுப் பசங்க, ஹாஸ்டல் பொண்ணுங்கன்னா கண்ணாடிக் காசை எடுத்து ஹாஸ்டல் சாப்பாட்டுல முட்டை, கீரைக்குப் போடுங்க, தங்கற ரூம்ல ஃபேனும் கொசுவலையும் பாருங்க. கான்கிரீட் பில்டிங்ல கீழ் மாடியில இருக்கற யூனிட்னா வெயில் செலவு பாதியாகும், அந்தக் காசுல நல்ல சேர் பத்து வாங்கலாம். நிட்டிங், டையிங் யூனிட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒத்து வராது, அங்க சத்தமும் கெமிக்கலும் வேற கதை.

முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு மாசம் ஒரு நோட்டு போட்டுப் பாருங்க. எந்த ஆபரேஷன்ல, எத்தனை மணிக்கு பீஸ் தேங்குச்சு, ஏன், அவ்வளவுதான் எழுதணும். பேர் எழுத வேணாம், கண்டிப்பா வேணாம், அந்த நோட்டு காண்ட்ராக்டர் கையில சிக்கினா ரத்தசோகை இருக்கற பொண்ணும் சுகர் இருக்கற அண்ணனும் அடுத்த திங்கக்கிழமை கேட்டுலயே திரும்பிப் போக வேண்டியதுதான், அப்புறம் நீங்க எந்த கேம்ப் போட்டாலும் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க.